நான் காத்த இரகசியம்

உயர்தர வகுப்பு மாணாக்கருக்குப் பௌதிகம் கற்பிப்பது என் தொழில். யாழ்ப்பாணத்து இந்துக் கல்லூரி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக இப்பணியைச் செய்து வருகின்றேன். ஆண்டுதோறும் ஒரு பாடவேளையில் எக்ஸ் கதிரின் கதை வரும். 1895 ஆம் ஆண்டிலே, ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரத்து ஆய்வுகூடத்தில், ரொன்ட்ஜன் என்னும் பேராசிரியர் தம் மனைவியின் கையைப் படம்பிடித்ததையும், தசையெல்லாம் மறைந்து விரலெலும்புகளும் மோதிரமும் மாத்திரம் நிழலாய் விழுந்ததையும் நான் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். பிள்ளைகள் வியப்பார்கள். பின்பு மணி அடிக்கும். நானும் சோக்குத் தூளைத் தட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுவேன்.

2024 ஆம் ஆண்டின் கடைசியில் ஒருநாள் இரவு, கனடாவில் ஸ்காபரோவில் வாழும் என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். ஒன்ராறியோ மாகாணத்தில் அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் முதல் 40 வயதான பெண்களும் வைத்தியரின் கடிதமின்றித் தாமாகவே சென்று மார்பகத்தை எக்ஸ் கதிர்ப்படம் எடுத்துக்கொள்ள வழி செய்யப்பட்டிருந்தது. அதற்கு முன்னர் 50 வயதானவர்களுக்கே அவ்வசதி இருந்தது. மமோகிராம் என்று அதனைச் சொல்வார்கள்.

"அக்கா, நான் போய் எடுத்திட்டன். ஒரு பிரச்சினையும் இல்லையாம். நீங்கள் எப்பவாவது எடுத்தனீங்களோ?"

பாடசாலை, பரீட்சை, விடைத்தாள் என்று நான் ஏதோ சொன்னேன்.

"எங்கடை சின்னம்மாவை மறந்திட்டீங்களோ?" என்றாள்.

மறக்கவில்லை. மறக்கவொண்ணாத காரணம் ஒன்று எனக்கு மாத்திரம் உண்டு. அது தங்கைக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

சின்னம்மா அம்மாவின் தங்கை. மணமாகாதவர். எங்களோடுதான் இருந்தார். முன்விறாந்தையிலே தையற்பொறியை வைத்து அயலவர்க்கெல்லாம் சட்டை தைத்துக் கொடுப்பார். எங்கள் இருவரையும் அம்மா பெற்றார், சின்னம்மா வளர்த்தார் என்று ஊரார் சொல்வதுண்டு. 1995 ஆம் ஆண்டு பங்குனி மாதம். எனக்கு வயது பதினைந்து. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஓய்ந்திருந்தமையால், கிணற்றிலே வாளியால் அள்ளித்தான் குளிப்பு. நான் அள்ளி ஊற்ற, சின்னம்மா குறுக்குக்கட்டோடு நின்று குளித்துக்கொண்டிருந்தார். திடீரென என் கையைப் பிடித்துத் தம் இடது மார்பின்மேல் ஈரத்துணியோடு வைத்தார்.

"இஞ்சை பார் பிள்ளை, ஏதோ தட்டுப்படுதல்லோ?"

தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவில், அசையாத ஒரு கட்டி. "நோகுதோ சின்னம்மா?" என்று கேட்டேன். "இல்லை, நோவில்லை" என்றார். நோவில்லை என்பதையே நன்மையின் அடையாளமாக நாங்கள் இருவரும் கொண்டோம். மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் நோவதில்லை என்பதை அந்நாளில் எனக்குச் சொல்லுவார் யாருமில்லை.

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை. ஆசுபத்திரி எண்டு இழுத்துக்கொண்டு போவா. அங்கை ஆம்பிளை டொக்டர்மார்தானே. நாகபூசணி அம்மாளாணை, சொல்லாதை."

நான் ஆணையிட்டேன். காப்பாற்றவும் செய்தேன். பெரியவர் ஒருவரின் இரகசியம் என்னிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்ற பெருமிதம்கூட எனக்கு இருந்தது. அதை எண்ணும்போது இன்றும் உடல் கூசுகின்றது.

சித்திரையில் போர் மீண்டது. ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நடந்ததை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. மழையில் செம்மணி வீதி வழியாக நடந்து, கொடிகாமத்தில் உறவினர் வீட்டு வளவில் கிடுகுக் கொட்டில் போட்டு ஒதுங்கினோம். சின்னம்மா இடது கையைத் தூக்க இயலாமல் வலது கையாலேயே பொதி சுமந்தார். கார்த்திகையில் ஒருநாள் காலை, அவர் சட்டையில் இருந்த கறையை அம்மா கண்டார். அப்போது கட்டி தோலைப் பிளந்து புண்ணாகியிருந்தது. அம்மா அலறியது எனக்கு நினைவிருக்கின்றது. "எவ்வளவு நாளாய் இது?" என்று கேட்டதும் நினைவிருக்கின்றது. சின்னம்மா என்னைப் பார்க்கவில்லை. "இப்பத்தான்" என்றார். நானும் வாய் திறக்கவில்லை.

மகரகமைக்குப் போக வேண்டும் என்றார்கள். அனுமதி பெற்று, கப்பலேறித் திருகோணமலை வழியாகக் கொழும்பு சேர்ந்தபோது அடுத்த ஆண்டும் பாதி கழிந்துவிட்டது. நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. 1997 ஆவணியில் சின்னம்மா இறந்தார். வயது நாற்பத்து மூன்று.

அந்த எட்டு மாதங்களில் நான் வாய் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் என்ன வைத்தியம் கிடைத்திருக்கும்? இவ்வினாக்களுக்கு விடை கிடையாது. ஆயினும், அவை வினாக்களாக நிற்பதற்கே காரணமானவள் நான் என்பதை மறுக்கவியலாது.

தங்கையின் அழைப்புக்குப் பின் ஒரு மாதம் கழித்து, எங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குக்குச் சென்றேன். முப்பத்தைந்து வயதில் ஒருமுறையும் நாற்பதில் ஒருமுறையும் குடும்பநல மாது என்னை வீடு தேடிவந்து அழைத்தவர். இரண்டு முறையும் பரீட்சை மேற்பார்வை என்று சாக்குச் சொன்னேன். இக்கிளினிக்குகள் நம் நாட்டில் 1996 இல் தொடங்கப்பட்டவை. சின்னம்மா கப்பலேறிய அதே ஆண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரை, கருப்பைக் கழுத்துச் சோதனை ஆகியவற்றோடு மார்பகத்தையும் கையால் சோதித்துப் பார்ப்பார்கள். கட்டணம் ஏதும் இல்லை.

என்னைச் சோதித்த பெண் வைத்தியரின் கையில் ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் சின்னம்மாவின் கதையைக் கேட்டபின் (இரகசியத்தை விட்டு மற்றதையெல்லாம் சொன்னேன்) மமோகிராமுக்கு எழுதித் தந்தார். வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. குறித்த நாளில், பாடசாலையில் கூட்டம் என்று கணவரிடம் கூறிவிட்டுப் புறப்பட்டேன்.

படமெடுக்கும் அறையில் இருந்த பெண் முதலில் கேட்டது, "பவுடர் பூசினீங்களோ மிஸ்?" என்பதே. பூசியிருந்தேன். கழுவிவிட்டு வரச் சொன்னார். கக்கத்துப் பவுடரும் வாசனைப் பூச்சுகளும் படத்தில் வெண்புள்ளிகளாக விழுந்து நோயின் அடையாளம்போல் மயக்குமாம். பின்பு மார்பைத் தட்டொன்றின்மேல் வைத்து, மேலிருந்து கண்ணாடிபோன்ற இன்னொரு தட்டால் அழுத்தினார். நோகத்தான் செய்தது; நோவில்லை என்று பொய் சொல்ல நான் விரும்பவில்லை. ஆனால் மூச்சை அடக்கிப் பத்து எண்ணுமுன் முடிந்துவிட்டது. இரு பக்கமும், மேலிருந்தும் சாய்வாகவும், நான்கு படங்கள்.

அவ்வேளையில் எனக்குள்ளிருந்த ஆசிரியை விழித்துக்கொண்டாள். நெஞ்சுப் படத்துக்கு நூறு கிலோவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் கதிரை உண்டாக்குவார்கள். மார்பகத்துக்கோ முப்பதைச் சுற்றிய அளவே போதும். எலும்பைக் காட்டுதல் எளிது. கொழுப்புக்கும் நார்த்தசைக்கும் உள்ள சிறு வேற்றுமையைக் காட்டுவதற்கு மென்கதிரே வேண்டும். மென்கதிர் தடித்த பொருளை ஊடுருவாது. ஆதலால் மார்பை அழுத்தி மெலிதாக்குகிறார்கள். அழுத்துவதால் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடப்பவை விரிந்து நிற்கின்றன, சிதறும் கதிர் குறைகின்றது, உடலிற் படும் கதிரின் அளவும் குறைகின்றது. ஒருமுறை மமோகிராம் எடுப்பதால் உடல் ஏற்கும் கதிர், மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஏழு வாரங்களில் நாம் எல்லோரும் இயல்பாக ஏற்கும் அளவை ஒத்ததேயாகும்.

நான்கு நாள் கழித்துத் தொலைபேசி வந்தது. வலப்பக்கத்தில் ஒரு நிழல் தெரிகின்றது, ஸ்கான் செய்து பார்க்க வேண்டும் என்றார்கள். ஸ்கானில் அது நீர்க்கட்டி அன்று, திண்மக் கட்டி என்று தெரிந்தது. அன்றே விறைப்பூசி போட்டு, தடித்த ஊசியொன்றால் நூல்போல இழையத்தைச் சிறிது எடுத்தார்கள். முடிவுக்குப் பன்னிரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு இரவும் எனக்கு உறக்கமில்லை. உறங்காதவள் வாசித்தேன். என் பாடத்தின் ஒரு கிளை இத்தனை துயரக் கதைகளோடு பின்னிக் கிடக்கின்றது என்பதை அப்போதுதான் அறிந்தேன். இதற்கு அடிகோலியவர் பெர்லின் நகரத்துச் சத்திரவைத்தியர் அல்பேட் சலமன். 1913 ஆம் ஆண்டில், சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட சுமார் 3000 மார்பகங்களை அவர் எக்ஸ் கதிரால் படமெடுத்து, நோய் எவ்வாறு தோன்றுகின்றது, கக்கத்துக்கு எவ்வாறு பரவுகின்றது என்று ஆராய்ந்தார். அவர் யூதர். நாற்சிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவியிழந்தார். தடுப்பு முகாமில் வாடினார். பின்பு ஒல்லாந்துக்குத் தப்பியோடி உயிர் தப்பினார். ஓவியரான அவருடைய ஒரே மகள் சார்லொட் தப்பவில்லை; 1943 இல் அவுஷ்விற்ஸ் முகாமிலே கொல்லப்பட்டார். வகுப்பில் ரொன்ட்ஜனின் மனைவியின் மோதிரத்தைச் சொல்லும் நான் இந்தத் தந்தையையும் மகளையும் சொன்னதேயில்லை. இனிச் சொல்ல எண்ணியுள்ளேன், பரீட்சையில் வராவிட்டாலும்.

இன்னொருவர் நியூயோர்க் வைத்தியர் பிலிப் ஸ்ட்ராக்ஸ். அவருடைய மனைவி 1947 இல் இந்நோயால் இறந்தார், வயது முப்பத்தொன்பது. கட்டி கைக்குத் தென்படுமுன்னரே அதனைக் கண்டறிந்தால் உயிரைக் காக்கலாமா என்ற வினா அவரை விடவில்லை. 1963 இன் இறுதியில், ஷப்பீரோ என்னும் புள்ளிவிவர அறிஞருடனும் வெனெற் என்னும் சத்திரவைத்தியருடனும் சேர்ந்து, 40 முதல் 64 வயது வரையான சுமார் 62,000 பெண்களை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியினரை மாத்திரம் ஆண்டுதோறும் மமோகிராமுக்கும் கைச்சோதனைக்கும் அழைத்தார். பத்தாண்டளவில் பார்த்தபோது, அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 30 வீதமளவு குறைந்திருந்தது. ஒருவருக்கு மிக அருகில் நேர்ந்த சாவு அவரை என்ன செய்விக்கின்றது! அவரைப் பெரும் ஆய்வுக்கு உந்தியது. என்னை இருபத்தெட்டு ஆண்டுகள் வாய்மூடி இருக்கச் செய்தது.

ஆயினும் நான் விஞ்ஞானம் கற்பிப்பவள். ஒரு பக்கத்தை மாத்திரம் எழுதிவிட்டுப் போதல் முறையன்று. இங்கிலாந்தில் 1988 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை பெண்களை அழைத்துப் படமெடுக்கின்றார்கள்; இப்போது 50 வயது தொட்டு 71 ஆவது பிறந்தநாள் வரையில் அழைக்கின்றார்கள். 2012 இல் அங்கு நிபுணர் குழுவொன்று இதன் நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்தது. 50 வயதான 10,000 பெண்களை இருபதாண்டு காலம் அழைத்தால், 43 உயிர்கள் காக்கப்படும் என்றும், 129 பெண்கள் தம் வாழ்நாளில் ஒருபோதும் தொல்லை தந்திராத நோய்க்காகச் சிகிச்சை பெற நேரும் என்றும் கணித்தது. எது உறங்கும் நோய், எது கொல்லும் நோய் என்று படம் பிரித்துச் சொல்லாது. இளவயதினர் பலரின் மார்பகம் நார்த்தசை செறிந்தது. படத்தில் அது வெள்ளையாகவே விழும். புற்றும் வெள்ளையாகவே விழும். ஆனையிறவு உப்பளத்தில் வெண்கல்லைத் தேடுவது போன்றதுதான். எந்த வயதில் தொடங்குவது என்பதிலும் அறிஞர்கள் ஒருமித்திலர். அமெரிக்காவில் 2009 இல் ஐம்பது என்ற குழுவே 2024 இல் நாற்பது என்றது.

ஏழாம் நாள் மாலை. குளித்துவிட்டு அறையில் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். பதினான்கு வயது மகள் புத்தகமொன்றைத் தேடி உள்ளே வந்தவள், ஊசி குத்திய இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரையும் அதைச் சுற்றிய நீலக்கன்றலையும் கண்டுவிட்டாள்.

"என்னம்மா இது?"

"ஒண்டுமில்லை. அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை" என்றேன்.

சொல்லி முடித்த பின்தான் என் குரல் என் காதில் விழுந்தது. அது என் குரலன்று. கிணற்றடியில் கேட்ட குரல், அதே சொற்கள்கூட. பிள்ளை தலையை ஆட்டிவிட்டாள். அவள் ஆட்டிய விதத்தில் நான் என்னையே கண்டேன். இவளும் காப்பாற்றுவாள். நல்ல பிள்ளை, எத்தனை ஆண்டானாலும் காப்பாற்றுவாள்.

கட்டிலில் அப்படியே இருந்துவிட்டேன். அவளை அருகில் இருத்தி, படம், ஸ்கான், ஊசி என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டு முன்விறாந்தைக்குப் போய், பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த கணவரிடமும் சொன்னேன். அவர் பத்திரிகையை மடித்தார். நெடுநேரம் பேசவில்லை. "ஏன் நீர் எனக்குச் சொல்லேல்லை?" என்று மாத்திரம் கேட்டார். கோபம் இருந்தது, அதற்குக் கீழே அச்சம் இருந்தது. சொல்வதற்கு என்னிடம் ஒழுங்கான காரணம் எதுவும் இருக்கவில்லை. முடிவு வாங்கப் போன அன்று அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார்.

முடிவு நல்லதாக அமைந்தது. ஃபைப்ரோஅடினோமா என்னும் தீங்கற்ற நார்க்கட்டி. வெட்ட வேண்டியதில்லை, ஆறு மாதத்தில் மீண்டும் ஸ்கான் செய்து பார்த்தால் போதும் என்றார்கள். அப்படியே பார்த்தாகிவிட்டது, வளரவில்லை. தேவையற்ற பன்னிரண்டு நாள் நடுக்கம் அது என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான், இச்சோதனைக்கு நாம் கொடுக்கும் விலையில் அதுவும் ஒன்று. அழைக்கப்பட்டு மேலும் சோதிக்கப்படுவோரிற் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. அந்த விலையை நான் மறுபடியும் கொடுப்பேன். மற்றவர் தம் வயதையும் குடும்ப வரலாற்றையும் வைத்தியரோடு பேசித் தீர்மானிக்கட்டும்.

நம் நாட்டில் இங்கிலாந்தைப் போல எல்லாப் பெண்களையும் அழைத்து மமோகிராம் எடுக்கும் ஏற்பாடு இல்லை. அதற்கு வேண்டிய பொறிகளும் படம் வாசிக்கும் வைத்தியரும் போதுமான அளவில் இல்லாத நாடுகள் பல. ஆனால் மும்பாயில் 1998 இல் தொடங்கிய ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தபோது எனக்கு ஆறுதல் உண்டாயிற்று. ஒன்றரை இலட்சம் பெண்கள் பங்குகொண்டது. அவர்களில் ஒரு பகுதியினரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையாலேயே சோதித்தார்கள். படமில்லை, பொறியில்லை. 2021 இல் வெளியான முடிவின்படி, சோதிக்கப்பட்டோரிடம் நோய் முற்றுமுன் அகப்பட்டது. ஐம்பதைக் கடந்தவரிடையே இறப்பும் நூற்றுக்கு 30 வீதத்தை அண்மித்துக் குறைந்தது. எங்கள் சுகவனிதையர் கிளினிக்கில் நடப்பதும் அத்தகைய கைச்சோதனைதானே. மாறாக, சீனாவின் ஷங்காய் நகரில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஆலைத் தொழிலாளிப் பெண்களை வைத்து நடந்த ஆய்வு, தம்மைத் தாமே மாதந்தோறும் முறைப்படி சோதிக்கக் கற்பித்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை என்று 2002 இல் காட்டியது. இது வியப்பன்று. சின்னம்மாவும் தாமே கண்டுபிடித்தவர்தான். கண்டபின் வைத்தியரிடம் போகும் கால்களல்லவோ இல்லாதிருந்தன! அவருக்கு மமோகிராமே வேண்டியிருக்கவில்லை. கட்டி கைக்கு அகப்பட்டுவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு பெண் வைத்தியர், ஒரு பாதை, வாய் திறக்கும் ஒரு பெறாமகள்.

இதையெல்லாம் ஆசிரியர் அறையில் ஒருநாள் இடைவேளையின்போது சொன்னேன். முன்பு இத்தகைய பேச்சு அங்கே எழுந்ததில்லை. ஆண் ஆசிரியர் இருவர் மெல்ல எழுந்து வெளியே போனார்கள், போகட்டும். ஐம்பத்து மூன்று வயதான தமிழாசிரியை ஒருவர் மட்டும் விடைத்தாளிலிருந்து தலை நிமிராமலே இருந்தார். பாடசாலை விட்டபின் சைக்கிள் தரிப்பிடத்துக்குப் பின்னால் வந்தார். "அங்கை சோதிக்கிறது பொம்பிளைதானே ரீச்சர்?" என்று கேட்டார். நான் போன அன்று பெண் வைத்தியர்தான் இருந்தார், எந்த நாளில் இருப்பார் என்று குடும்பநல மாதிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டும் சொன்னேன். அவர் போய்வந்துவிட்டார்.

தங்கைக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கிணற்றடியையும் எழுதினேன். அவள் அழைத்து, ஒன்றும் பேசாமல் அழுதாள். பின்பு, "நீங்கள் அப்ப சின்னப்பிள்ளை அக்கா" என்றாள். அது மன்னிப்பா, ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. அவருக்கு எழுபத்தைந்து வயது. சின்னம்மாவின் தையற்பொறியை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைத்து வைக்கின்றார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை முதற்பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசிப்பவர். ஆதலால் இக்கட்டுரை அச்சாகும் ஞாயிறுக்கு முன்னரே நான் அவரிடம் போயாக வேண்டும். நாளை மாலை வகுப்பு முடிந்ததும் போவதாக இருக்கின்றேன்.